நாள் கடந்தும் ஈனாத குதிரை

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கால்நடை உள்ள வீட்டில் இதைக் குழந்தைகூடச் சொல்லும். காளைக்குச் சேர்த்த தேதியைக் குறித்து வைத்தால், கணக்குப் போட்ட நாளுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னே பின்னே மாடு கன்று போட்டுவிடும். அந்தப் பழக்கத்தோடு ஒருவர் குதிரை வளர்க்கப் போனால் திகைத்துப்போவார். ஒரே லாயத்தில், ஒரே பொலிகுதிரையோடு, ஒரே வாரத்தில் சேர்ந்த இரண்டு பெட்டைக் குதிரைகளில் ஒன்று 325ஆம் நாள் ஈனும். மற்றது 360ஆம் நாளிலும் நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டு நிற்கும். கடைசியில் பார்த்தால் இரண்டு குட்டிகளுமே நல்ல நிலையில் பிறந்திருக்கும். எப்படி?

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையிலேயே மினியேச்சர் குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்தத் திகைப்பு பெரும் கவலையாகிவிடுகிறது. 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரிமயிரின் கடைசி முடி இருக்கும் இடத்தில் அளந்தால் குதிரையின் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் இடுப்பைக்கூட எட்டாத உயரம் அது. அந்தச் சின்ன உடம்பில் வயிறு பீப்பாய்போல் இருபுறமும் பிதுங்கி நிற்க, நாள்காட்டியில் 340 கடக்கிறது, 350 கடக்கிறது. லாயத்தில் கேமரா மாட்டியாகிவிட்டது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இரவில் விழித்திருக்கிறார்கள். மாலையில் மடி திரண்டதுபோல் தெரிகிறது. காலையில் மேய்ச்சலுக்கு நடந்து வந்தபின் பார்த்தால் மறுபடி சுருங்கியிருக்கிறது. குட்டி உள்ளேயே பெருத்துவிட்டால் என்ன செய்வது? உயிரோடுதான் இருக்கிறதா? ஊசி போட்டு ஈனவைத்துவிடலாமா? இந்த மூன்று கேள்விகளுமே நியாயமானவை. இவற்றுக்கு இன்று பதில் இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, ஈற்றைத் தொடங்கிவைப்பது யார் என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். குதிரையின் சினைக்காலச் சராசரி ஏறத்தாழ 340 நாள். 320இலிருந்து 365 வரை எந்த நாளில் ஈன்றாலும் அது இயல்பான ஈற்று என்றே கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓராண்டைத் தாண்டி ஈன்று, குட்டி நன்றாக எழுந்து நின்று பால் குடித்த நிகழ்வுகளும் உண்டு. மினியேச்சர்கள் பெரிய குதிரைகளைவிடச் சற்று முன்னதாகவே ஈனுவதாக வளர்ப்பவர்கள் பலர் சொல்வதால், 330 தாண்டியதுமே பதற்றம் ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் ஒன்றரை மாத அகலம் உள்ள ஒரு பரப்புக்குள் சராசரி என்பது ஒரு தனிக் குதிரையைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும். 320ஆம் நாளைக் காவல் தொடங்கும் நாளாக வைத்துக்கொண்டு, அதற்குமேல் தேதி எதுவும் குறிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்த அகலத்துக்குச் சில காரணங்கள் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. முக்கியமானது பகல் வெளிச்சம். குதிரை, இளவேனிலில் பசும்புல் முளைக்கும்போது குட்டி வெளியே வரும்படி வாழ்ந்து பழகிய விலங்கு. பகல் குறுகலாக இருக்கும் குளிர்கால முடிவில் ஈன வேண்டியவை நாள் இழுக்கும். பகல் நீண்ட பருவத்தில் ஈனுபவை சீக்கிரம் முடித்துக்கொள்ளும். இதை வெறும் ஒற்றுமை என்று தள்ள முடியாது. ஏனென்றால் குளிர்காலத்தில் லாயத்தில் செயற்கை விளக்கு எரித்து, பகலை நீட்டிக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். விளக்கொளி பெற்றவை, பெறாதவற்றைவிடச் சுமார் பத்து நாள் முன்னதாக ஈன்றன. ஆண்குட்டி சுமந்தால் ஓரிரு நாள் கூடுதல். அதே குதிரை ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒரே அளவு நாள் எடுத்துக்கொள்ளும் போக்கும் உண்டு. ஆகவே போன ஈற்றின் நாள்கணக்கு, புத்தகத்துச் சராசரியைவிட நம்பத் தகுந்தது.

இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பெட்டைக் குதிரையை ஆண் கழுதையோடு சேர்த்தால் கோவேறு கழுதை பிறக்கிறது. கழுதையின் சொந்தச் சினைக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. கோவேறு கழுதைக் குட்டியைச் சுமக்கும் குதிரை, தன் இனக் குட்டியைச் சுமப்பதைவிடக் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டு, குதிரைக்கும் கழுதைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஈனுகிறது. தாய் அதேதான், கருப்பை அதேதான். உள்ளே இருப்பது மட்டும் வேறு. அப்படியானால் எப்போது வெளியே வருவது என்ற முடிவில் உள்ளே இருப்பதற்குப் பங்கு உண்டு என்றாகிறது.

பங்கு மட்டுமல்ல, தொடக்கமே அங்கேதான் என்பதை உலகுக்குக் காட்டியவை செம்மறி ஆடுகள். அந்தக் கதை அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலை மேய்ச்சல்களில் ஆரம்பிக்கிறது. அங்கே சில மந்தைகளில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. 1950களில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த வெய்ன் பின்ஸும் அவருடைய குழுவினரும் இதைத் துருவி, மலைப் புல்வெளிகளில் வளரும் வெராட்ரம் கலிஃபோர்னிக்கம் என்ற செடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சினையான 14ஆம் நாளையொட்டி ஆடு இந்தச் செடியைத் தின்றால் கருவின் மூளையும் முகமும் உருவாகும் பாதை குலைந்துவிடுகிறது. இங்கே நமக்கு வேண்டியது வேறொரு கூறு. இந்தக் குட்டிகளில் சிலவற்றைச் சுமந்த ஆடுகள் ஈனவே இல்லை. ஐந்து மாதத்தில் முடிய வேண்டிய சினை, வாரக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. குட்டிகளை அறுத்துப் பார்த்தபோது மூளையின் அடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி இல்லை, அல்லது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவராக இருந்த கிரஹாம் லிகின்ஸ், மனிதக் குழந்தைகள் ஏன் குறைமாதத்தில் பிறக்கின்றன என்ற கேள்வியோடு 1960களில் செம்மறி ஆடுகளிடம் வந்தார். இயற்கை தற்செயலாகச் செய்து காட்டியதை அவர் திட்டமிட்டுச் செய்து பார்த்தார். கருவில் இருக்கும் ஆட்டுக்குட்டியின் பிட்யூட்டரியை அழித்தார். தாய் ஆடு நாள் கடந்தும் ஈனவில்லை. பிறகு நேர்மாறாக, குட்டியின் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனைக் குட்டியின் உடலுக்குள்ளேயே செலுத்தினார். சில நாட்களில் தாய்க்கு வலி கண்டது, மாதம் நிறையாமலே ஈன்றது. கார்ட்டிசாலை நேராகச் செலுத்தினாலும் அதே விளைவுதான். அட்ரீனல் சுரப்பிகளை நீக்கிய குட்டிகளும் பிறக்க வேண்டிய நாளில் பிறக்கவில்லை என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். குட்டியின் மூளை பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்கிறது, அட்ரீனல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது, அந்தக் கார்ட்டிசால் நஞ்சுக்கொடியின் வேதியியலை மாற்றி, சினையைக் காத்துவந்த ஹார்மோனைக் குறைத்து, கருப்பையைச் சுருங்கவிடுகிறது. ஈற்றைத் தொடங்கிவைப்பது குட்டி.

லிகின்ஸின் ஆடுகள் இன்னொன்றையும் கொடுத்தன. பிழைக்கவே முடியாத வயதில் பிறந்த அந்தக் குட்டிகளில் ஒன்று மூச்சுவிட்டது. செலுத்திய ஹார்மோன், ஈற்றைத் தொடங்கியதோடு நுரையீரலையும் பக்குவப்படுத்தியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் ராஸ் ஹவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வின் பயனாகத்தான், குறைமாதத்தில் வலி கண்ட தாய்மார்களுக்கு இன்று உலகெங்கும் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். எத்தனையோ குழந்தைகள் அதனால் மூச்சுவிட்டு வாழ்கின்றன. கார்ட்டிசால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பைத் தொடங்குகிறது, பிறக்கத் தகுதியாகவும் ஆக்குகிறது. நம் குறுங்குதிரையின் கதை இந்த இரட்டை வேலையில்தான் சிக்கியிருக்கிறது.

குதிரையிலும் அடிப்படை இதுவேதான். ஆனால் வழி விசித்திரமானது. மாட்டுக்கோ ஆட்டுக்கோ பழகியவர்கள் குதிரையின் சினையைப் படித்தால் நம்ப மாட்டார்கள். சினையைக் காப்பாற்றும் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருந்த தாயின் சூலகத் திசுக்கள், பாதிச் சினைக்காலத்துக்குப்பின் மறைந்தே போகின்றன. அதன்பின் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடியும் குட்டியும் ஏற்றுக்கொள்கின்றன. ஏழாம், எட்டாம் மாதத்தில் கருக்குட்டியின் விரைகளோ சூலகங்களோ தாயின் சூலகத்தைவிடப் பெரிதாக வீங்கி, ஈஸ்ட்ரோஜனுக்கு வேண்டிய மூலப்பொருளை அள்ளிக் கொடுக்கின்றன. பிறக்கும்போது சுருங்கிச் சிறுத்துவிடுகின்றன. சினைக்குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் அவ்வளவு மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து 1940களிலிருந்து பெண்களின் மாதவிடாய் நிறுத்தக் காலத் தொல்லைகளுக்குத் தரப்பட்டுவருகிறது.

கடைசி வாரங்களில் குட்டியின் அட்ரீனல் சுரப்பி செய்யும் வேலையைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். அது முதலில் கார்ட்டிசாலைச் சுரப்பதில்லை. பிரெக்னெனோலோன் என்ற மூலப்பொருளைச் சுரந்து நஞ்சுக்கொடிக்கு அனுப்புகிறது. நஞ்சுக்கொடி அதைப் புரோஜெஸ்டிரோனின் உறவுப் பொருட்களாக மாற்றுகிறது. கருப்பையை அமைதியாக வைத்திருப்பவை அவை. ஆக, சினை தொடர்வதற்கான பொருளைக் குட்டியே தாய்க்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு அதே சுரப்பியில் புதிய நொதிகள் விழிக்கின்றன. மூலப்பொருள் நஞ்சுக்கொடிக்குப் போகாமல் அட்ரீனலுக்குள்ளேயே கார்ட்டிசாலாக மாறத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடிக்கு வரத்து குறைகிறது, கருப்பையின் அமைதி கலைகிறது. சினையை நீட்டித்த அதே சுரப்பி அதை முடித்தும் வைக்கிறது.

கேம்பிரிட்ஜில் மரியன் சில்வர், அபிகெய்ல் ஃபௌடன் போன்றவர்களும், பந்தயக் குதிரைகளின் ஊரான நியூமார்க்கெட்டில் பீட்டர் ராஸ்டேல் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து இந்த மாற்றத்தை அளந்தபோது ஒரு பெரிய வேறுபாடு தெரிந்தது. ஆட்டுக்குட்டியில் கார்ட்டிசால் உயர்வு ஈற்றுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. குதிரைக்குட்டியில் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் நடக்கிறது. நுரையீரல், குடல், கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு, தைராய்டு என எல்லாவற்றின் இறுதிப் பக்குவமும் அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் அடைபட்டிருக்கிறது.

ஊசி போட்டு ஈனவைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை மிகக் கொஞ்சம் கொடுத்தாலே பெட்டைக் குதிரை ஈன்றுவிடும். கருப்பை கேட்கும். ஆனால் குட்டி தயாராக இருக்காது. 350ஆம் நாளில் இருக்கும் ஒரு குட்டி, அதன் சொந்தக் கணக்கில் இன்னும் ஒரு வாரம் பாக்கி உள்ளதாக இருக்கலாம். அப்படி இழுத்துப் போடப்பட்ட குட்டிகள் எப்படி இருக்கும் என்பதைக் குதிரை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். பட்டுப்போன்ற குட்டை மயிர், தொங்கிய காதுகள், புடைத்த நெற்றி, தாங்காத மூட்டுகள். எழுந்து நிற்க முடியாது, காம்பைப் பிடிக்கத் தெரியாது. முழங்கால், கணுக்காலின் சிறு எலும்புகள் குருத்தெலும்பாகவே இருந்து, நிற்க முயன்றால் நசுங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு குட்டியை, சில நாள் பொறுக்காததால் இழப்பது பெரிய துயரம். தாயின் உயிருக்கு ஆபத்து என்ற தெளிவான காரணம் இல்லாமல், நாள்காட்டியை மட்டும் பார்த்து ஊசி போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, குட்டி தயாராகிவிட்டதா என்று உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? சோறு வெந்ததா என்று பார்க்க யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். குதிரையில் அந்தப் பருக்கை, மடியில் ஊறும் முதல் பால். 1980களின் தொடக்கத்தில் ராஸ்டேலும் ஜெனிஃபர் ஔஸியும் சக ஆய்வாளர்களும் ஈற்றுக்கு முந்திய நாட்களில் நாள்தோறும் சில சொட்டுப் பாலைப் பீய்ச்சி அதிலுள்ள உப்புகளை அளந்தார்கள். முதலில் சோடியம் அதிகமாகவும் பொட்டாசியம் குறைவாகவும் இருக்கிறது. ஈற்று நெருங்க நெருங்கச் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, இரண்டும் இடம் மாறுகின்றன. அதையொட்டிக் கால்சியம் சட்டென்று உயர்கிறது. இந்த மாற்றம் வந்தபின் பிறந்த குட்டிகள் பக்குவமாக இருந்தன. வராதபோது ஈனவைக்கப்பட்டவை அப்படி இருக்கவில்லை. குட்டியின் உடலில் நடக்கும் ஹார்மோன் மாற்றம் தாயின் மடியில் எழுதிக் காட்டப்படுகிறது.

இன்று அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாலை நேரத்தில் லாயத்தில் குனிந்து, ஈரத் துணியால் காம்பைத் துடைத்து, இரண்டு விரலால் சில சொட்டு மட்டும் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் அது தேன்நிறத்தில் பிசுக்கென்று இருக்கும், பிறகு சாம்பல் கலந்து கலங்கும், கடைசியில் வெள்ளையாகும். ஒரு பங்கு பாலோடு ஆறு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டையை அதில் முக்கினால், பட்டையில் உள்ள கட்டங்கள் கால்சியத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொன்றாக நிறம் மாறும். அமிலத்தன்மை காட்டும் பட்டையையும் பயன்படுத்தலாம். ஈற்று நெருங்கும்போது பாலின் பிஎச் அளவு ஏழுக்கு மேலிருந்து இறங்கி 6.4ஐத் தொடும். இந்தச் சோதனையின் உண்மையான பலம் இன்னொன்றில் இருக்கிறது. இன்றிரவு ஈனும் என்று அது சொல்வதைவிட, இன்றிரவு ஈனாது என்று சொல்வதில் அது மிகவும் நம்பகமானது. கால்சியம் ஏறாத இரவில் வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். நாள்கணக்கில் தூக்கம் கெட்டவர்களுக்கு இது சின்ன உதவி இல்லை.

காம்பு நுனியில் மஞ்சள் மெழுகுபோல் சொட்டுகள் காய்ந்து நிற்பதையும் வளர்ப்பவர்கள் ஆவலோடு பார்ப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈற்று வரும். ஆனால் மெழுகு கட்டி இரண்டு வாரம் நின்றவையும் உண்டு, கட்டாமலே ஈன்றவையும் உண்டு. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மாதம் நிறைய நெடுநாள் இருக்கும்போதே மடி திரண்டு பால் சொட்டினால் அது நல்ல அறிகுறி இல்லை. நஞ்சுக்கொடியில் தொற்றோ, இரட்டைக் கருவோ இருக்கலாம். அப்போது கால்சியமும் பொய்யாக உயரும். உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது.

குட்டி நாளைத் தீர்மானித்தாலும், நேரத்தைத் தாய் தன் கையில் வைத்திருக்கிறது. ராஸ்டேலும் ரோஜர் ஷார்ட்டும் 1967இல் நியூமார்க்கெட் பகுதிப் பந்தயக் குதிரைகளின் ஏறத்தாழ 500 ஈற்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 86 விழுக்காடு மாலை ஏழுக்கும் காலை ஏழுக்கும் இடையில் நடந்திருந்தன. பரந்த வெளியில் மேயும் விலங்குக்கு, யார் கண்ணிலும் படாத நேரத்தில் ஈனுவதே பாதுகாப்பு. மிரண்டால் சுரக்கும் அட்ரீனலின் கருப்பையைத் தளர்த்தி, தொடங்கிய வலியையே ஒத்திப்போட்டுவிடும். விளக்கைப் போட்டு அரைமணிக்கொருமுறை எட்டிப் பார்க்கும் அன்பான சொந்தக்காரர், அறியாமலே குதிரையைக் காக்கவைத்துக்கொண்டிருக்கலாம். கேமரா வைத்தது அந்த வகையில் மிக நல்ல காரியம்.

குட்டி உள்ளேயே பெருத்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு பழைய பரிசோதனை ஆறுதல் தருகிறது. 1938இல் கேம்பிரிட்ஜில் ஆர்தர் வால்டனும் ஜான் ஹாமண்டும், வண்டி இழுக்கும் பேருருவக் குதிரையான ஷையரையும் குட்டையான ஷெட்லாண்டையும் செயற்கைக் கருவூட்டலால் இருபுறமும் கலந்து பார்த்தார்கள். ஷெட்லாண்டுத் தாய்க்கு ஷையர் தகப்பனின் குட்டி, ஷையர் தாய்க்கு ஷெட்லாண்டுத் தகப்பனின் குட்டி. இரண்டிலும் பரம்பரைப் பொருள் பாதிக்குப் பாதி. ஆனால் சின்னத் தாயின் குட்டி, சின்னத் தாய்க்கு ஏற்ற அளவிலேயே பிறந்தது. பெரிய தாயின் குட்டி பெரிதாகப் பிறந்தது. கருப்பையில் நஞ்சுக்கொடி ஒட்டுவதற்கு எவ்வளவு பரப்பு உண்டோ, அதற்கு ஏற்ற உணவுதான் குட்டிக்குக் கிடைக்கும். கடைசி வாரங்களில் குட்டி தன்னிஷ்டத்துக்கு ஊதிக்கொண்டே போவதில்லை. நாள் நீண்டு பிறக்கும் குட்டிகள் பல, வழக்கமான அளவிலோ அதைவிடச் சற்று மெலிந்தோதான் இருக்கின்றன. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வளர்ச்சிக்குக் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டவை அவை.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சினைக்குதிரை வைத்திருப்பவர் எவரும் அதைத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். 1931இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ. என். ஃபெர்கஸ், மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் வறட்சியிலும் குளிரிலும் பச்சையாக நின்ற ஒரு புல்லைக் கண்டார். டால் ஃபெஸ்க்யூ என்ற அந்தப் புல்லின் விதை 1943இல் 'கென்டக்கி 31' என்ற பெயரில் வெளியானது. எந்த மண்ணிலும் வளர்ந்தது, பூச்சி அண்டவில்லை, மிதிபட்டாலும் சாகவில்லை. விவசாயிகள் விரும்பி விதைத்தார்கள். ஆனால் அதை மேய்ந்த மாடுகள் தேறவில்லை, குதிரைகள் நாள் கடந்தும் ஈனவில்லை. 1970களின் நடுவில் ஜார்ஜியாவில் சார்லஸ் பேக்கனும் சக ஆய்வாளர்களும், புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சையைக் காரணமாகக் கண்டுபிடித்தார்கள். வெளியே எதுவும் தெரியாது. தண்டின் செல்களுக்கு இடையில் இழையாக ஓடும். புல்லுக்கு அத்தனை வலிமையைத் தந்ததும் அந்தப் பூஞ்சைதான்.

அது சுரக்கும் எர்கோவாலின் என்ற நஞ்சு, குதிரையின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள்போல நடித்து, பாலூறச் செய்யும் புரோலாக்டினை அடக்கிவிடுகிறது. குட்டியின் கார்ட்டிசால் உயர்வும் கெடுகிறது. சினை வாரக்கணக்கில் நீளும். மடி திரளாது. நஞ்சுக்கொடி தடித்துவிடும். குட்டி நீண்ட எலும்பும் மெலிந்த தசையுமாக, வழியில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நெடிதாக இருக்கும். தப்பிப் பிறந்தாலும் சீம்பால் இருக்காது. குதிரையின் நஞ்சுக்கொடி நோயெதிர்ப்புப் பொருளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் அத்தனையும் வர வேண்டும். ஆகவே 350 கடந்த குதிரையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்தப் புல்லை மேய்ந்தது, எந்தப் புல்லின் வைக்கோலைத் தின்றது என்பதுதான். நாள் கடந்ததோடு மடியும் வெறுமையாக இருந்தால், காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். ஈற்றுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அந்தப் புல்லை நிறுத்துவதும், டோபமினின் வேலையைத் தடுக்கும் டோம்பெரிடோன் மருந்தும் நல்ல பலன் தருகின்றன.

மினியேச்சர்களுக்கென்று தனியாகச் சில உண்டு. முதலாவது, கணக்கே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய குதிரைக்கு மலக்குடல் வழியாகக் கைவிட்டு ஸ்கேன் செய்து 15ஆம் நாளையொட்டியே சினையை உறுதிசெய்கிறார்கள். இந்தச் சின்ன உடலில் மருத்துவரின் கை நுழைவதே கடினம். பொலிகுதிரையும் பெட்டைகளும் ஒரே வேலிக்குள் திரிவதும் சகஜம். ஏப்ரலில் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்தக் கரு கலைந்து, மூன்று வாரம் கழித்து மறுபடி சேர்ந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 355 என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் 334ஆக இருக்கலாம். சந்தேகமென்றால் வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் செய்து குட்டியின் இதயத் துடிப்பைப் பார்க்கலாம், கண்ணின் விட்டத்தை அளந்து வயதை ஓரளவு கணிக்கலாம். உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, தீனி. நாளைக் காட்டிலும் இதைத்தான் நான் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதாக நினைக்கிறேன். சினைக்கடைசியில் உள்ள மினியேச்சர் ஒரு நாள் தின்னாமல் நின்றால், உடல் தன் கொழுப்பைக் கட்டுப்பாடில்லாமல் இரத்தத்தில் கொட்டத் தொடங்கும். அப்போது இரத்தம் எடுத்துக் குழாயில் நிறுத்தி வைத்தால், சிவப்பு அடியில் படிந்தபின் மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். கல்லீரல் கொழுப்பேறிச் செயலிழந்து தாயும் குட்டியும் போய்விடக்கூடும். குண்டாக இருக்கிறதே என்று சினைக்கடைசியில் தீனியைக் குறைப்பது இதற்கு நேரே வழிவகுத்துவிடும். இடம் மாற்றுவது, புது ஆட்கள் கூடி நிற்பது போன்ற அலைக்கழிப்பும் தீனியைக் கெடுக்கும்.

மூன்றாவது, ஈற்று நேரம். குதிரை ஈனத் தொடங்கினால் பனிக்குடம் உடைந்ததிலிருந்து 20, 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். மினியேச்சர்களின் குட்டிக்கு நெற்றி உருண்டு புடைத்திருக்கும். தாயின் இடுப்புக்கூடு குறுகல். தலை மடங்கிக்கொண்டால் சரிசெய்யக் கைக்கு இடமில்லை. குள்ளத்தன்மையைத் தரும் மரபணுப் பிழையும் இந்த இனத்தில் பரவியிருக்கிறது. ஏகான் என்ற மரபணுவில் உள்ள பல பிழைகளை கென்டக்கி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள்; பிழையைச் சுமக்கும் இரண்டைச் சேர்க்காமல் இருக்க முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது இது. வெள்ளையும் நீலமும் கலந்த மெல்லிய பளபளப்பான உறைக்குள் ஒரு முன்குளம்பு, அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு குளம்பு, அவற்றின்மேல் மூக்கு. இந்த வரிசையில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கலாம். அதற்குப் பதிலாக வெல்வெட்டுத் துணிபோல் சிவந்த பை முதலில் பிதுங்கினால், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்னதாகவே பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு போகவில்லை என்று பொருள். மருத்துவர் வரும்வரை பொறுக்க நேரமில்லை. அந்தப் பையைக் கத்தரியால் உடனே வெட்டித் திறந்து, முக்கும்போதெல்லாம் குட்டியை இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். இதை முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கத்தரியை லாயத்துக் கதவில் மாட்டி வைப்பது, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடப் பயனுள்ள வேலை.

பிறந்தபின் குட்டி ஒரு மணிநேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிநேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிநேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழ வேண்டும். நாள் நீண்டு பிறந்த குட்டியானால், இவை எல்லாம் சரியாக நடந்தாலும், மறுநாள் சிறிது இரத்தம் எடுத்துச் சீம்பாலின் நோயெதிர்ப்புப் பொருள் போதிய அளவு ஏறியிருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறைவாக இருந்தால் பிளாஸ்மா ஏற்றிச் சரிசெய்துவிடலாம்.